சீல் பிரித்த பெட்டிக்கும் உரிமை உண்டு

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

சிறு வயதில் அண்ணனும் இவரும் ஒரே கேசட்டைத் தேயத் தேயக் கேட்டு வளர்ந்த படங்களின் இசை அது. அந்தப் படத்தொடரின் முழுப் பின்னணி இசையும் 12 சிடிகள் கொண்ட பாக்ஸ் செட்டாக வந்தது. மொத்தமே 2000 பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட அட்டை உண்டு என்று அறிவித்தார்கள். வெளிவந்த அன்றே விற்றுத் தீர்ந்தது. பிறகு ஓர் ஆன்லைன் விற்பனைத் தளத்தில் தனிநபர் ஒருவர் வெளியீட்டு விலையைப் போல மூன்று மடங்குக்கு அதைப் போட்டிருந்தார். ‘லிமிடெட் எடிஷன், சீல் பிரிக்காதது, எண் அட்டையோடு முழுமையானது’ என்பது விளம்பரம். அண்ணனின் ஐம்பதாவது பிறந்த நாளுக்காக, ஓராண்டு சேமித்த பணத்தில், கிரெடிட் கார்டை இணைத்த பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாக வாங்கினார். வெளிநாட்டிலிருந்து 19ஆம் நாள் பெட்டி வந்தது. பிறந்த நாள் வரும்வரை அலமாரிக்குள் ஒளித்து வைத்தார்.

பணம் கட்டிய 71ஆம் நாள் அண்ணன் பெட்டியைப் பிரித்தார். ஒரு மூலை நசுங்கியிருந்தது. எண் அட்டை இல்லை. ஆறாம் டிஸ்க் என்று அச்சிட்டிருந்த டிஸ்க்கைப் போட்டால், ஐந்தாம் டிஸ்க்கில் உள்ள இசையே மறுபடியும் ஓடுகிறது. விற்றவரிடம் கேட்டதற்கு, “லிமிடெட் எடிஷன், விற்றால் விற்றதுதான். சீலையும் பிரித்துவிட்டீர்கள். வேண்டுமானால் சிறு தொகை தருகிறேன், ஐந்து நட்சத்திரம் போட்டு ‘எல்லாம் சரியாக இருந்தது’ என்று எழுதுங்கள்” என்று பதில் வந்திருக்கிறது. தளத்தின் 30 நாள் ரிட்டர்ன் கெடு முடிந்துவிட்டது. இன்றோடு பணம் கட்டி 83 நாள். அண்ணன் “விடும்மா, பரவாயில்லை” என்கிறார். “எனக்குத்தான் மனசு ஆறவில்லை. தவறு என்னுடையதுதானே, வந்த அன்றே பிரித்துப் பார்த்திருக்க வேண்டாமா?” என்று முடிக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பரிசாக வாங்கிய பொருளைப் பரிசு கொடுக்கும் நாள்வரை பிரிக்காமல் வைப்பது யாரும் செய்வதுதான். சீல் பிரிக்காத பெட்டி என்று சொல்லித்தானே அவர் விற்றார்? அந்த சீலுக்கும் சேர்த்துத்தான் மூன்று மடங்கு கொடுத்தீர்கள். அதைப் பிரிக்காமல் காத்தது உங்கள் குற்றமாகாது. அதனால் சில கெடுக்கள் தாண்டிப்போயின என்பது உண்மை. எல்லாக் கெடுவும் தாண்டிவிட்டது என்று நீங்கள் நினைப்பதுதான் பிழை.

‘லிமிடெட் எடிஷன்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் தனி மந்திர சக்தி எதுவும் கிடையாது. எத்தனை பிரதி அச்சிட்டார்கள் என்பதை மட்டுமே அது சொல்கிறது. வெளிநாட்டுத் திரையிசை வெளியீடுகளில் 3000 பிரதி, 2000 பிரதி என்று நிறுத்திக்கொள்வதற்குப் பெரும்பாலும் உரிமை ஒப்பந்தங்களும், ஒலிப்பதிவில் வாசித்த இசைக்கலைஞர்களின் சங்கத்துக்குத் தர வேண்டிய மறுபயன்பாட்டுக் கட்டணமும் காரணம். அது நிறுவனத்துக்கும் உரிமையாளருக்கும் இடையிலான கணக்கு. அதை வைத்து உங்களுக்குத் தர வேண்டிய பொருளில் ஒரு டிஸ்க்கைக் குறைத்துத் தர யாருக்கும் உரிமை இல்லை. வேறு பெட்டி கையிருப்பில் இல்லை என்பதால் மாற்றித் தர முடியாமல் போகலாம். பணத்தைத் திருப்பித் தர அது தடையே அல்ல.

‘விற்றால் விற்றதுதான்’ என்பதும் அப்படியே. வாங்கியவர் மனம் மாறித் திருப்பினால் ஏற்க மாட்டேன் என்று ஒரு விற்பனையாளர் சொல்லலாம். விளம்பரத்தில் சொன்ன பொருள் வேறு, வந்த பொருள் வேறு என்றால் அந்த வாசகம் அவரைப் பொதுவாகக் காப்பாற்றாது. உங்களுக்கு வந்ததில் எண் அட்டை இல்லை, 12 டிஸ்க்கின் இசையில் ஒரு டிஸ்க் இசை இல்லை. ‘முழுமையானது’ என்ற சொல் அங்கேயே பொய்யாகிவிட்டது.

சீல் பிரித்த விஷயத்தில் உங்கள் பயத்துக்குக் கொஞ்சம் அடிப்படை உண்டு என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் திருப்பும் உரிமை இருக்கிறது. ஆனால் 2011ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை நெறிமுறை, சீலிட்டு வந்த இசைப்பதிவுகளைப் பிரித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும் என்று விலக்கு வைத்திருக்கிறது. கேட்டுவிட்டு, காப்பி எடுத்துக்கொண்டு, திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக. இந்த விலக்கைத்தான் பலரும் ‘சீல் பிரித்தால் ரிட்டர்ன் இல்லை’ என்று பொதுவிதியாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது மனம் மாறித் திருப்புவதற்கான விலக்கு மட்டுமே. குறைபாடுள்ள பொருளுக்கான உரிமையை அது தொடவில்லை. யோசித்துப் பாருங்கள், சீலைப் பிரிக்காமல் ஆறாம் டிஸ்க்கில் என்ன ஓடுகிறது என்று யாரால் கண்டுபிடிக்க முடியும்?

இன்றிரவே அந்த டிஸ்க்கை விளக்கடியில் பாருங்கள்

வழக்கைப் பற்றிப் பேசுமுன் ஒரு சோதனை. ஆறாம் டிஸ்க்கை எடுத்து, பளபளக்கும் பக்கம் மேலே வரும்படி விளக்கின் கீழே சாய்த்துப் பிடியுங்கள். நடுத்துளையைச் சுற்றி, இசை பதிந்த பகுதி தொடங்குவதற்கு முன்னால், கண்ணாடி போன்ற ஒரு வளையம் தெரியும். அதில் பொடி எழுத்தில் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி இருக்கும். மேட்ரிக்ஸ் எண் என்பார்கள். பெரும்பாலும் வெளியீட்டு எண்ணும் எத்தனையாவது டிஸ்க் என்பதும் அதற்குள் இருக்கும். ஐந்தாம் டிஸ்க்கையும் அதேபோல் பிடித்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

இரண்டிலும் ஒரே வரி இருந்தால், தொழிற்சாலையில் ஐந்தாம் டிஸ்க்கின் மேல் ஆறாம் டிஸ்க்கின் படத்தை அச்சிட்டுவிட்டார்கள் என்று பொருள். டிஸ்க் அசல், தயாரிப்பில்தான் பிழை. இது உங்களுக்கு நல்ல செய்தி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆறாம் டிஸ்க்கின் அடிப்பக்கம் மட்டும் வெள்ளியாக இல்லாமல் பச்சை அல்லது நீலச் சாயல் அடித்தால், அது வீட்டுக் கணினியில் எழுதிய சிடி-ஆர் ஆக இருக்கலாம். 1994 முதல் சிடி ஆலைகள் ‘ஐஎஃப்பிஐ’ (உலக ஒலிப்பதிவு நிறுவனங்களின் கூட்டமைப்பு) என்ற எழுத்துகளோடு ஒரு சிறு குறியீட்டை அந்த உள்வளையத்தில் பொறிக்கும் ஏற்பாடு இருக்கிறது. மற்ற பதினொன்றிலும் அது இருந்து, இதில் மட்டும் இல்லையென்றால் சந்தேகம் வலுக்கிறது. எண் அட்டையும் காணோம், டிஸ்க்கும் மாறியிருக்கிறது என்றால், யாரோ முன்பே பிரித்து, எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு, மறுபடி பிளாஸ்டிக் உறை சுற்றிய பெட்டியாகவும் இருக்கலாம். உறை சுற்றும் கருவி எளிதில் கிடைக்கிறது. ‘சீல் இருந்தது’ என்பது பெட்டி அசல் என்பதற்கு ஒருபோதும் முழுச் சான்றாகாது. எண் அட்டையும் அப்படித்தான். அட்டையை யாரும் அச்சடிக்கலாம். அட்டை என்று தனியாகத் தராமல் பெட்டியின் அடியிலோ புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலோ எண் அச்சிடும் வெளியீடுகளும் உண்டு. அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லாத குறையைப் புகாரில் எழுதினால் இருக்கும் குறையையும் நம்ப மாட்டார்கள்.

பிறந்த நாளன்று அண்ணன் பெட்டியைப் பிரித்ததை மருமகள் போனில் வீடியோ எடுத்ததாகக் கடிதத்தின் நடுவே போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே வலுவான சான்று அதுதான். சீல் கிழிவதும், மூலை நசுங்கியிருப்பதும், உள்ளே அட்டை இல்லாததும் வெட்டு இல்லாமல் ஒரே ஓட்டத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் போதாது, அதில் தரம் குறைந்து தேதி விவரமும் போய்விடும். எடுத்த போனிலிருந்து மூலக் கோப்பையே வாங்கி இரண்டு இடத்தில் சேமியுங்கள். விளம்பரப் பக்கத்தையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளைக்கு அது இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மூன்று கடிகாரங்கள்

தளத்தின் 30 நாள் என்பது தளம் தானாக வைத்த வாக்குறுதியின் கெடு. அது நின்றுவிட்டது. இன்னும் இரண்டு ஓடிக்கொண்டிருக்கின்றன.

பேபாலில் பொதுவாகப் பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் திறக்கலாம். அந்தக் கணக்கில் உங்களுக்கு இன்னும் 97 நாள் இருக்கிறது, ஆனால் உங்கள் கணக்குக்கு உரிய கெடுவைப் பேபால் தளத்தில் இன்றே பார்த்து உறுதி செய்யுங்கள். கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் முறையில், பொருள் விளம்பரப்படி இல்லை என்ற காரணத்துக்குப் பொதுவாகப் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 120 நாள் கணக்கிடுவார்கள். பெட்டி 19ஆம் நாள் வந்ததால் அது 139ஆம் நாளோடு முடியும். அதாவது இன்னும் 56 நாள். கார்டு கொடுத்த வங்கி இதைவிடக் குறைவான கெடு வைத்திருக்கக்கூடும், எனவே நாளைக்கே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். சார்ஜ்பேக் போட்டால் பேபால் தன் விசாரணையை மூடிவிடும்.

பேபாலில் புகார் திறந்த பிறகு 20 நாளுக்குள் அதைப் பேபாலே முடிவு சொல்லும் அடுத்த கட்டத்துக்கு நகர்த்தாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும். மூடியதை மறுபடி திறக்க முடியாது. “புகாரை மூடுங்கள், உடனே பணம் அனுப்புகிறேன்” என்று விற்பவர் கேட்பது இந்தத் துறையில் பழைய தந்திரம். எத்தனை உருக்கமாகக் கேட்டாலும், பணம் கணக்கில் வந்து விழும்வரை மூடாதீர்கள்.

நல்ல வேளையாக அவர் தள்ளுபடி ஆசை காட்டி ‘நண்பருக்கு அனுப்பும் பணம்’ என்ற முறையில் கேட்டபோது நீங்கள் மறுத்திருக்கிறீர்கள். அந்த முறையில் அனுப்பியிருந்தால் வாங்குபவருக்கான பாதுகாப்பே இருந்திருக்காது, இந்தப் பதிலில் பாதியை நான் எழுத வேண்டியே வந்திருக்காது.

தனிநபர் என்றால் சட்டம் தொடாதா?

‘விற்றவர் தனிநபர், நுகர்வோர் சட்டம் அவரைத் தொடாது’ என்று நீங்கள் எழுதியிருக்கும் கருத்து பாதி சரி. வீட்டில் இருந்த பழைய பெட்டியை ஒருமுறை விற்கிறவருக்கும், வாங்கி வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கும் பல நாடுகளில் சட்டம் வேறு. முன்னவர் மீது நுகர்வோர் சட்டம் பெரும்பாலும் பாயாது. ஒப்பந்தத்தில் சொன்னபடி பொருள் இருக்க வேண்டும் என்ற பொதுவிதி மட்டும் பொருந்தும். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளை உதாரணத்துக்குச் சொல்கிறேன். குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன அவை. ஆனால் தொழிலாகவோ தொடர்ச்சியாகவோ அல்லாமல் தனிப்பட்ட முறையில் விற்கும் ஆளுக்கு அந்த விதிகள் இல்லை. ஆகவே அவருடைய விற்பனைப் பக்கத்துக்குப் போய் இதுவரை எத்தனை விற்றிருக்கிறார், இப்போது எத்தனை பாக்ஸ் செட் போட்டிருக்கிறார் என்று எண்ணுங்கள். நூறு, இருநூறு என்று போனால், ‘நான் சாதாரண ரசிகன்’ என்ற அவருடைய பேச்சு எடுபடாது.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள், அவர் எந்த நாடு என்று கடிதத்தில் இல்லை. எல்லை தாண்டிய இதுபோன்ற வழக்கில் நீதிமன்றம் போவது சட்டப்படி சாத்தியமாக இருந்தாலும் கைக்கு மெய்யாக வந்து சேர்வது குறைவு. என் அனுபவத்தில் இந்த அளவு தொகைக்குப் பணம் செலுத்திய வழியைப் பிடிப்பதே விரைவானது. சட்டப் பிரிவுகளை உங்கள் கடிதத்துக்கு முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கண்டிக்காமல் விட மனம் வரவில்லை. சுங்க வரி குறையும் என்று அவர் பார்சலில் ‘அன்பளிப்பு’ என்று எழுதி மதிப்பையும் குறைத்துப் போட்டதற்கு நீங்கள் சம்மதித்திருக்கிறீர்கள். இனி ஒருபோதும் வேண்டாம். இறக்குமதி செய்பவர் நீங்கள், பொய்யான மதிப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். மூலை நசுங்கியதற்கு அஞ்சல் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டாலும் எழுதிய மதிப்புக்கு மேல் கிடைக்காது. பார்சலின் வெளி அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். ஆகவே நசுங்கிய மூலைக்காகச் சண்டை போடாதீர்கள். புகாரில் ஒரு வரியில் சொல்லிவிட்டு, அட்டையையும் ஆறாம் டிஸ்க்கையும் முன்னால் நிறுத்துங்கள்.

உங்களுக்கு என்ன வேண்டும்?

புகார் வென்றால் பெரும்பாலும் நடப்பது இது: பெட்டி முழுவதையும் திருப்பி அனுப்பச் சொல்வார்கள், அஞ்சல் செலவும் உங்கள் தலையில் விழலாம், பிறகு பணம் வரும். அண்ணன் கையில் பெட்டி இருக்காது. அதே பெட்டியை மறுபடி தேடினால் இன்றைய விலை இன்னும் ஏறியிருக்கலாம். இதை யோசிக்காமல் முழு ரீஃபண்ட் கேட்டு, கிடைத்த பிறகு வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் டிஸ்க் தயாரிப்புப் பிழை என்று தெரிந்தால் என் கருத்து: விற்றவருக்கு எழுதும் அதே நாளில் வெளியிட்ட நிறுவனத்துக்கும் எழுதுங்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் ஒப்பந்தம் இல்லை, சட்டப்படி கேட்க முடியாது. ஆனால் திரையிசைக்கென்றே இருக்கும் சிறு நிறுவனங்கள் தங்கள் பெயரைக் கண்ணாகக் காப்பவை. பிழையான டிஸ்க்குக்கு மாற்று டிஸ்க் அனுப்புவது அவர்களிடையே உள்ள வழக்கம். ஒரே பிழை பலருக்கு வந்திருந்தால் அந்த ஒரு டிஸ்க்கை மட்டும் புதிதாக அச்சடித்துக் கொடுப்பதும் உண்டு. மேட்ரிக்ஸ் எண்ணின் படம், பெட்டியின் படம், வாங்கிய ரசீது மூன்றையும் இணைத்து, இரண்டாம் கையாக வாங்கியதை மறைக்காமல் எழுதுங்கள். அது ஒருபுறம் நடக்க, விற்றவரிடம் எண் அட்டை இல்லாததற்காக விலையில் ஒரு பகுதியைத் திருப்பக் கேளுங்கள். எண் அட்டை இல்லாத பெட்டி மறுவிற்பனையில் குறைந்த விலைக்குத்தான் போகும், எனவே நீங்கள் கேட்பது நியாயமான தொகை.

டிஸ்க் போலி என்று தெரிந்தால் பேச்சே வேறு. பகுதித் தொகைக்கு இறங்காதீர்கள். முழுப் பணத்தையும் கேளுங்கள், பெட்டியை வேறு யாருக்கும் விற்கவும் வேண்டாம்.

விற்றவருக்கு எழுதுவது குட்டையாக இருக்கட்டும். அழுகை, கோபம், அண்ணன் பிறந்த நாள் எதுவும் வேண்டாம்:

“விளம்பரத்தில் ‘எண் அட்டையோடு முழுமையானது’ என்று எழுதியிருந்தீர்கள். வந்த பெட்டியில் எண் அட்டை இல்லை. ஆறாம் டிஸ்க்கில் ஐந்தாம் டிஸ்க்கின் இசை இருக்கிறது. ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. பிரித்ததன் வீடியோவும் படங்களும் இணைத்துள்ளேன். ஏழு நாளுக்குள் இந்தத் தொகையைத் திருப்பித் தரக் கோருகிறேன். இல்லையெனில் பணம் செலுத்திய நிறுவனத்தில் புகார் பதிவு செய்வேன்.”

இதைத் தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே அனுப்புங்கள். ஏழாம் நாள் பதில் இல்லையென்றால் எட்டாம் நாள் புகார். பத்து நாள், பதினைந்து நாள் என்று அவர் இழுக்க இழுக்க உங்கள் 56 நாள்தான் கரையும்.

அவர் கேட்ட ஐந்து நட்சத்திரத்தை எந்தத் தொகைக்கும் கொடுக்காதீர்கள். ‘எல்லாம் சரியாக இருந்தது’ என்று நீங்களே எழுதிய வரியைத்தான் அவர் முதல் சான்றாகக் காட்டுவார். கோபத்தில் ‘திருடன்’ என்று எழுதுவதும் வேண்டாம், அது அவதூறு வழக்கில் போய் நிற்கலாம். என்ன வந்தது, என்ன வரவில்லை என்பதை மட்டும், விவகாரம் முடிந்த பிறகு எழுதலாம்.

தெரிந்த சேகரிப்பாளர் ஒருவர் ஆறாம் டிஸ்க்கைக் காப்பி எடுத்து அனுப்புவதாகச் சொன்னதையும் கேட்டிருந்தீர்கள். அடுத்தவர் டிஸ்க்கிலிருந்து நகல் வாங்குவது பல நாடுகளில் பதிப்புரிமை மீறல். டிஸ்க்கையே சில நாள் இரவல் வாங்கிக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. அவரிடம் இரவல் கேளுங்கள். அசல் ஆறாம் டிஸ்க் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுக் காட்டவும் அது உதவும்.

எல்லாம் கைவிட்டுப் போனாலும், மூன்று மடங்கு விலைக்கு அவசரமாக இன்னொன்று வாங்காதீர்கள். ஒருமுறை தீர்ந்த பதிப்பு பிறகு வரவே வராது என்பது விற்பவர்கள் வளர்க்கும் பயம். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களின் முழு இசைத் தொகுப்புகள் 2005 முதல் 2007 வரை வெளிவந்து, கடைகளில் தீர்ந்து, பழைய பிரதிகளின் விலை தாறுமாறாக ஏறியது. 2018இல் மறுபதிப்பு வந்தது. எண் அட்டை வேண்டுமென்றால் மறுபதிப்பு உதவாது. இசை வேண்டுமென்றால் காத்திருக்கலாம்.

அண்ணன் ‘விடு’ என்பது உங்கள் மனம் நோகக் கூடாது என்பதற்காக என்றுதான் எனக்குப் படுகிறது. அவரையும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். புகாருக்கு ஐந்தாம் டிஸ்க்கிலும் ஆறாம் டிஸ்க்கிலும் ஒவ்வொரு டிராக்கும் எத்தனை நிமிடம் எத்தனை நொடி ஓடுகிறது, பெட்டியோடு வந்த புத்தகத்தில் ஆறாம் டிஸ்க்குக்கு என்ன நேரம் போட்டிருக்கிறது என்று அருகருகே வைத்து ஒப்பிடும் ஒரு பட்டியல் வேண்டும். அந்த இசையை உங்களைப் போலவே மனப்பாடமாகத் தெரிந்தவர் அவர். இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து அதை எழுதி முடித்துவிடுங்கள்.